தண்டவாளம் இல்லாத தடமா, பூட்டிய மில் வாசலா? ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது

புதுச்சேரியிலும் கடலூரிலும் இருந்து வரும் கேள்வி ஒன்றுதான். கையில் இருப்பது ஒரே ஒரு ஞாயிறு. கைவிடப்பட்ட ரயில் பாதை, பழைய பாலம், மூடிய ஆலை என்று ஏதாவது ஒன்றைப் பார்க்க வேண்டும். எங்கே போவது?

ஆசையோடு கிளம்பி ஏமாந்து திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இரும்பைத் தேடிப் போனவர்கள். வங்கக் கடலோரத்தில் இரும்பு நிற்காது. பாதியை உப்புக் காற்று தின்கிறது, மீதி எடைக்குப் போய்விடுகிறது. நிற்பவை மண்மேடு, செங்கல், கருங்கல், தெருப் பெயர். இவற்றைப் படிக்கத் தெரிந்தால் இந்தப் பக்கம் பார்க்க நிறைய இருக்கிறது. துருப்பிடித்த எஞ்சினும் கொடி படர்ந்த தண்டவாளமும்தான் வேண்டும் என்றால் கீழே சொல்லும் எந்த இடமும் திருப்தி தராது.

## எதை வைத்து எடை போடுவது

தூரத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் கேட்க வேண்டியது கதவு யார் கையில் இருக்கிறது என்பது. ரயில்வே, அரசுக் கழகம், தனியார், ஊர்ப் பொது என்று உரிமையாளரைப் பொறுத்து நீங்கள் பார்க்கக் கூடியதே மாறும். ஞாயிறன்று அலுவலகம் பூட்டியிருக்கும் என்பதால், அனுமதிக் கடிதம் தேவைப்படும் இடம் எதுவும் திடீர்ப் பயணத்துக்கு ஆகாது.

அடுத்தது தரையில் மிச்சம் என்ன என்பது. வெறுங்கண்ணுக்குத் தெரிவது எவ்வளவு, வரைபடம் கையில் இருந்தால்தான் புரிவது எவ்வளவு? பிறகு பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மே மாதம் கத்திரி. ஜனவரிக் கடைசி தொடங்கி மார்ச் வரைதான் நல்ல காலம். கூட வருபவர் யார் என்பதும் முக்கியம். ஆறு வயதுக் குழந்தையையும் முட்டிவலிக்காரரையும் அழைத்துக்கொண்டு வயல்மேட்டில் நடக்க முடியாது.

மறைமுகச் செலவை அந்தந்த இடத்தில் சொல்கிறோம். பெரும்பாலும் அது பணமாக இருக்காது, அரை நாளாக இருக்கும்.

## மயிலாடுதுறை–தரங்கம்பாடி: உண்மையிலேயே கைவிடப்பட்ட பாதை

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். கடலூர், புதுச்சேரி எல்லைக்குள் கைவிடப்பட்ட நீண்ட ரயில் பாதை கிடையாது. 1879இல் திறந்த விழுப்புரம்–புதுச்சேரி பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது. விழுப்புரம்–கடலூர்–மயிலாடுதுறைப் பாதையில் 2006இல் மீட்டர் கேஜ் ரயில் நின்றது, 2010இல் அகலப்பாதையாக மீண்டும் ஓடத் தொடங்கியது. இவை மாற்றப்பட்ட பாதைகள்தான், கைவிடப்பட்டவை அல்ல.

ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரத்தில் நிஜமாகவே செத்துப்போன பாதை ஒன்று உண்டு. மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு வழியாகத் தரங்கம்பாடி வரை சுமார் 30 கி.மீ. மீட்டர் கேஜ் கிளைப்பாதை. 1926இல் திறந்தார்கள், 1986இல் மூடினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். மண்மேடு துண்டுதுண்டாக இருக்கிறது.

அந்த மேட்டைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பயணத்தின் சுவாரசியமே. டெல்டாவில் வாய்க்கால் வளையும், வரப்பு முறியும், சாலை கோயிலைச் சுற்றிப் போகும். ரயில் மேடு மட்டும் எதையும் சட்டை செய்யாமல் நேராகப் போகும், திரும்பினாலும் பெரிய வில்லாகத்தான் திரும்பும். மேல்தளம் ஏறத்தாழ 5 மீட்டர் அகலம். இரு பக்கமும் நீளவாக்கில் குட்டைகள் தெரிந்தால், மேடு போட மண் எடுத்த குழிகள் அவை. ஆம்பல் பூத்திருக்கும். எல்லாவற்றையும்விட நம்பகமான சாட்சி ஜல்லி. வண்டலைத் தவிர வேறொன்றும் இல்லாத மண்ணில் ஒன்றரை, இரண்டு அங்குலக் கருங்கல் உடைசல் ஒரே கோட்டில் கிடந்தால் அது எங்கிருந்தோ ரயிலில் வந்ததுதான்.

வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. யு502 எனப்படும் அமெரிக்க ராணுவ வரைபடத் தொடர் 1:2,50,000 அளவில் 1950களில் வெளிவந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பாதையின் போக்கைப் பார்த்துவிட்டு, கூகுள் எர்த்தில் அதே கோட்டைப் பிடியுங்கள். கோடை மாதப் படத்தைத் தேர்ந்தெடுங்கள், பயிர் பச்சையில் மேடு மறைந்துவிடும். தெளிவாகத் தெரியும் துண்டுகளைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். அங்கே போய் வழி கேட்கும்போது "ரயில்வே லைன்" என்று கேட்டால் ஓடுகிற பாதைக்கு அனுப்பிவிடுவார்கள். "பழைய ரயிலடி எங்கே இருந்தது?" என்று பெரியவர்களிடம் கேளுங்கள்.

30 கி.மீ.யையும் நடக்க நினைக்காதீர்கள். முள் மண்டிய மேட்டில் மணிக்கு 2 கி.மீ. போவதே பெரிது, சீமைக்கருவேலம் வழியை அடைத்தால் அதுவும் இல்லை. தில்லையாடியிலிருந்து தரங்கம்பாடி வரையிலான கடைசிப் பகுதியை எடுத்துக்கொண்டால் அரை நாளில் முடியும். பேருந்துச் சாலை பக்கத்திலேயே போவதால் நடுவில் விட்டுவிடவும் வசதி. முடிகிற இடத்தில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை.

கோளாறு எங்கே வருகிறது? மதகுகளில். வாய்க்காலுக்கு வாய்க்கால் சிறு பாலம் இருந்த நாடு இது. கர்டர் (பாலத்தின் இரும்பு உத்தரம்) போய்ச் சுவர் மட்டும் நிற்கும் இடத்தில் மேடு திடீரென்று அறுந்துவிடும். புல் மூடியிருந்தால் விளிம்புக்கு வரும் வரை தெரியாது. கையில் நீளக் கம்பு இருக்கட்டும். தரையைத் தட்டிக்கொண்டே நடந்தால் பள்ளமும் தெரியும், பாம்பும் பெரும்பாலும் விலகும். செங்கல் வளைவு மதகின் மேல் ஏறும் முன் கீழிருந்து பாருங்கள். வளைவின் உச்சியில் ஒரு செங்கல் விழுந்திருந்தாலும் மேலே போகாதீர்கள்.

சில இடங்களில் மேடு இப்போது யாரோ ஒருவருடைய கொல்லை. அங்கே கேட்காமல் கால் வைப்பதும், வீட்டைப் படம் பிடிப்பதும் வேண்டாம். நினைவுக்காகப் போல்ட், பிஷ்பிளேட் (தண்டவாளங்களை இணைக்கும் தகடு) என்று எதையும் பையில் போடாதீர்கள். ரயில்வே சொத்தை வைத்திருப்பதற்கென்றே 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. முதல் குற்றத்துக்கே ஐந்தாண்டு வரை சிறை.

மறைமுகச் செலவு நேரம்தான். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நேரடி ரயில் பாதை கிடையாது, விழுப்புரம் சுற்றித்தான் வர வேண்டும். எனவே புதுச்சேரிக்காரர்கள் பேருந்தில் 22 கி.மீ. வந்து கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். அங்கிருந்து மயிலாடுதுறை சுமார் 80 கி.மீ. முகூர்த்த நாளாக இருந்தால் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணக் கூட்டம் பேருந்து, ஆட்டோ, சாப்பாட்டுக்கடை எல்லாவற்றையும் நிறைத்துவிடும். கிளம்பும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்.

## புதுச்சேரி: மில்களும் பழைய துறைமுகமும்

ஒரு நகரத்தின் ஆலை நிலம் எப்படிக் கைமாறுகிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட வசதியான இடம் இல்லை. எல்லாமே நடக்கும் தூரத்தில் இருக்கின்றன.

காலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் தொடங்குங்கள். மாலை 6 முதல் காலை 7.30 வரை அங்கே வண்டிகளை விடுவதில்லை, நடக்க நிம்மதி. காந்தி சிலை அருகே கடலுக்குள் தெரியும் இரும்புக் கட்டைகள் 19ஆம் நூற்றாண்டுப் பழைய கப்பல்துறைப் பாலத்தின் மிச்சம். இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டருக்குள்தான். அதனால் கட்டைகள் தெரிவதும் தெரியாததும் அலையைப் பொறுத்தது. கடல் அமைதியாக இருக்கும் பிப்ரவரி, மார்ச்சில் நன்றாகத் தெரியும். கிட்டே போய் நீந்த வேண்டாம், துரு முனைகள் தண்ணீருக்குள் இருக்கின்றன. எதிரே 1836இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம்.

தெற்கே போனால் பழைய சாராய ஆலை இருந்த நிலம், அதையும் தாண்டிப் பழைய துறைமுகம். அங்கிருக்கும் பிந்தைய கான்கிரீட் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் சரிந்தது. கடலோரக் கான்கிரீட் சாவதற்கு ஒரு பொதுவான முறை உண்டு. உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கும். கம்பிக்கு இணையாக நீண்ட விரிசலும் பழுப்புக் கறையும் தெரிகிற எந்தக் கட்டுமானத்துக்கும் கீழே நிற்காதீர்கள்.

அங்கிருந்து ரயில் நிலையம். நிலையம் இருக்கும் சாலையின் பெயரைக் கவனியுங்கள், சுப்பையா சாலை. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் வேலைநிறுத்தத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய வ. சுப்பையாவின் பெயர்தான் இது. எட்டு மணி நேர வேலை உரிமை 1937இல் வந்தது. அந்த மில் பிறகு சுதேசி மில் ஆனது. மில் சுவரைப் பார்க்கும் முன் இந்தத் தெருப் பலகையைப் பார்த்துவிடுவது முறை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

கடலூர் சாலையில் ரயில்வே கேட்டை ஒட்டி ஏ.எஃப்.டி. என்று ஊரே சொல்லும் ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ். 1898இல் தொடங்கியது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கூரையையும் இயந்திரங்களையும் பதம் பார்த்தது. 2020 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. சுதேசி, பாரதி மில்களும் அதே ஆண்டோடு சரி. பக்கத்துத் திடலில் கூட்டமும் பொருட்காட்சியும் நடக்கின்றன. திடல் திறந்திருக்கும் நாளில் சுவரை அருகிருந்து பார்க்கலாம்.

உள்ளே போகலாமா? கூடாது. சட்டத்தை விடுங்கள், கட்டடமே அனுமதிக்காது. பழைய நூற்பாலைகளின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு உடைந்தால் அதன் இழை நுரையீரலில் தங்கிவிடும், துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. தரையில் இயந்திரக் குழிகளும் கேபிள் பள்ளங்களும் மூடியில்லாமல் கிடக்கும். புறா எச்சத்தூசி வேறு. மழை நாளில் பழைய சுண்ணாம்புச் சுவரை நம்பக் கூடாது என்பதற்கு இந்த ஊரிலேயே சாட்சி உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கட்டிய மேரி என்ற நகர மண்டபக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் ஒரே நாளில் இடிந்து விழுந்தது. இன்று கடற்கரையில் நிற்பது அதே வடிவில் திரும்பக் கட்டியது. ஆய்வுக்காக உள்ளே போகத்தான் வேண்டும் என்றால் மில்லை நிர்வகிக்கும் அரசுக் கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள். வாரக்கணக்கில் ஆகலாம், கிடைக்கவும் கிடைக்காமல் போகலாம்.

ட்ரோன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள் பச்சை மண்டலம் (முன் அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடிய பகுதி) கிடையாது. லாஸ்பேட்டை விமான நிலையத்தைக் கணக்கிட்டால் நகரம் முழுவதும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தைப் பாருங்கள், அல்லது வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஒன்பதரை மணிக்குள் முடித்துவிடுங்கள். அதன்பின் காந்தி வீதியின் ஞாயிறு சந்தையும் வெளியூர் கார்களும் சேர்ந்து வண்டி நிறுத்த இடம் இல்லாமல் செய்துவிடும்.

## பெண்ணையாறு முதல் கொள்ளிடம் வரை: சன்னலோரப் பாலங்கள்

பாலம் பார்க்க ஆசைப்படுகிறவர்களில் பலர் தண்டவாளத்தில் இறங்கி நடக்கிறார்கள். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதம் சின்னதுதான். ஆனால் ரயில் பாலத்தில் ஒதுங்க இடம் கிடையாது, ஆற்றுக் காற்றில் பின்னால் வரும் வண்டியின் சத்தம் காதில் விழாது.

விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சரில் சன்னலோரம் உட்காருங்கள். பெண்ணையாறு, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் ஒரே டிக்கெட்டில். பார்க்க வேண்டியது கர்டரை அல்ல, தூணை. மீட்டர் கேஜில் தண்டவாள இடைவெளி 1,000 மி.மீ., அகலப்பாதையில் 1,676. சுமையும் அதிகம். அதனால் அகலப்பாதையாக்கும்போது பழைய தூணைக் கான்கிரீட் சட்டை போட்டுப் பருமனாக்குவார்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் புதிதாகக் கட்டுவார்கள். கல்லும் கான்கிரீட்டும் சேரும் கோடு, நிறம் மாறும் இடம், எதையும் தாங்காமல் ஆற்றில் நிற்கும் மொட்டைத் தூண் ஆகியவைதான் மாற்றத்தின் தடயங்கள். நிலையங்களில் வேலிக்கம்பமாக நட்டிருக்கும் பழைய தண்டவாளத் துண்டுகளையும் விடாதீர்கள். நடுத்தண்டில் உருக்காலையின் பெயரும் ஆண்டும் புடைப்பெழுத்தாக இருக்கும். சுண்ணாம்பு அடித்திருந்தால் மாலைச் சாய்வெயிலில் படிக்கலாம்.

குழந்தைகளோடு போக இதுதான் சரி. செலவு மிகக் குறைவு. குறை ஒன்றுதான், ஒவ்வொரு பாலமும் ஒரு நிமிடத்துக்குள் ஓடிவிடும்.

## பரங்கிப்பேட்டை

ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் இங்கே இரும்பாலை தொடங்கினார். சேலத்துக் கனிமம் நீர்வழியாக வந்தது, உலைக்கு மரக்கரி. கரிக்குக் காடு போதவில்லை, 1860களில் கதை முடிந்தது. இந்திய இரும்புத் தொழில் வரலாற்றில் பெரிய பெயர். ஆனால் கட்டடத்தை நம்பிப் போகக்கூடிய இடம் அல்ல. படித்துவிட்டுப் போனால் முகத்துவாரத்தில் நின்று "ஏன் இங்கே?" என்று யோசிக்கலாம். கனிமத்தை இறக்கவும் இரும்பை ஏற்றவும் ஒரே தண்ணீர்தான் காரணம். தனிப் பயணமாக வேண்டாம், சிதம்பரம் போகிற வழியில் ஒரு மணி நேரம் போதும்.

## நெய்வேலி: தோண்டி முடித்துத் திருப்பிக் கொடுத்த நிலம்

பழுப்பு நிலக்கரியை எடுத்தபின் மேல்மண்ணைக் கொட்டி நிரப்பிக் காடு வளர்த்த பரப்பு இங்கே இருக்கிறது. சோவியத் உதவியோடு 1962இல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 600 மெகாவாட் வரை வளர்ந்து 2020இல் ஓய்வு பெற்றது. சுரங்கமும் ஆலையும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் காவலில் உள்ளன. கேட்காமல் படம் எடுத்தால் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நிறுவனத்துக்கு எழுதி அனுமதி பெற்ற குழுவுக்கு மட்டுமே இது பொருந்தும். பள்ளி, கல்லூரி, பொறியாளர் சங்கம் என்றால் தாராளமாக முயலுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம், "மீட்கப்பட்ட நிலம்" என்று பலகை சொல்வது ஒரு காலத்தில் ஊரும் வயலுமாக இருந்தது.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக்குத் தெற்கே தானே புயலோடு பாதியில் நின்றுபோன எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைப் பற்றியும் கேட்கிறார்கள். அதற்கு உரிமையாளர் உண்டு. இரும்புத் திருட்டு வழக்குகள் நடந்த இடம், அங்கே பையோடு சுற்றினால் உங்களையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். பட்டியலில் சேர்க்கவில்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | தரங்கம்பாடிப் பாதை | புதுச்சேரி மில், துறைமுகம் | சன்னலோரப் பாலங்கள் | நெய்வேலி |
|---|---|---|---|---|
| மிச்சம் இருப்பது | மண்மேடு, மதகு, ஜல்லி | சுவர், கட்டைகள், தெருப் பெயர் | தூண்கள் | வளர்த்த காடு |
| அனுமதி | கொல்லைக்காரரிடம் வாய்வார்த்தை | தெருவிலிருந்து பார்க்கத் தேவையில்லை | பயணச்சீட்டு | எழுத்தில், முன்கூட்டியே |
| பிடிக்கும் நேரம் | முழு நாள் | மூன்றரை மணி நேரம் | அரை நாள் | முழு நாள் |
| ஆகாத காலம் | அக்டோபர்–டிசம்பர், மே | பலத்த மழை | இருட்டு | ஞாயிறு |
| முக்கிய ஆபத்து | மறைந்த பள்ளம், பாம்பு | இடியும் கான்கிரீட் | இறங்கி நடந்தால் மட்டும் | அனுமதியின்றிப் படம் எடுப்பது |
| யாருக்கு | நடக்கத் தெரிந்த இருவர், மூவர் | யாருக்கும் | குழந்தைகள், பெரியவர்கள் | குழு |

வரைபடம் பார்ப்பதில் ருசி உள்ளவர், அறுவடை முடிந்த பிப்ரவரி அல்லது மார்ச்சில் ஒரு முழு நாள் கொடுக்க முடிந்தால், யோசிக்காமல் தரங்கம்பாடிப் பாதைக்குப் போகலாம். ரயிலில் போனால் பாலங்களும் சேர்ந்தே கிடைத்துவிடும், அதனால் எங்கள் ஓட்டு அதற்குத்தான். மழைக்காலத்தில் வேறு கேள்விக்கே இடமில்லை. வானம் வெளுத்த ஒரு காலையைப் பார்த்துப் புதுச்சேரி நடை. தனியாகப் போகிறவருக்கும் அதுவேதான். மேட்டில் கால் பிசகினால் கூப்பிட ஆள் வேண்டும், துணையில்லாமல் வயல்வெளிக்குப் போகாதீர்கள்.

தரங்கம்பாடி போகிறவர் பையில் தலைக்கு 3 லிட்டர் தண்ணீர், கணுக்காலை மூடும் காலணி, முழுக்கால் சட்டை, கம்பு, டார்ச், கைப்பேசிக்குக் கூடுதல் சார்ஜ் இருக்கட்டும். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்தாண்டு ஆகியிருந்தால் முந்தின வாரமே போட்டுக்கொள்ளுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், காலை அசைக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், மந்திரிக்கிற இடத்துக்கு அல்ல. மரப்பொந்திலோ பாலத்தடியிலோ கதண்டுக் கூடு தெரிந்தால் சத்தமில்லாமல் வந்த வழியே திரும்புங்கள். கடைசிப் பேருந்து எப்போது என்பதைக் காலையில் இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.